வரவேற்பறையில் ஒரு மூலை: சிறிய வீட்டில் தசைவலுப் பயிற்சி

பல வீடுகளில் ஒரு டிரெட்மில் இருக்கும். மலிவு விற்பனையில் வாங்கியது. முதல் இரண்டு வாரம் அப்பா ஓடினார். பிறகு பிள்ளைகள் ஏறி விளையாடினார்கள். இப்போது அதன் கைப்பிடியில் துண்டும் பள்ளிச் சீருடையும் காய்கின்றன. மூவறை வீட்டில் அந்த இயந்திரம் அடைத்துக்கொண்டிருக்கும் இடம், ஒருவர் கை காலை நீட்டிப் பயிற்சி செய்யப் போதுமான இடம் என்பதுதான் வேடிக்கை.

வீட்டில் உடற்பயிற்சிக்கென ஓர் இடம் அமைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன வாங்கலாம்?" இந்தக் கையேட்டில் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறோம். முதலில் இடம். அடுத்து, உங்கள் உடம்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற சிறு சோதனை. பிறகு அசைவுகள். முதல் மாதம் நீங்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை.

நடந்தால் போதாதா?

தினமும் நடப்பவர்கள் பலர் இதைக் கேட்கிறார்கள். நடப்பது மிகவும் நல்லது, அதை விட்டுவிடாதீர்கள். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அது தேவை. ஆனால் நடை மட்டும் தசைகளின் வலுவைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. கைகளுக்கும் முதுகுக்கும் அதில் வேலையே இல்லை. 2022ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்ட சிங்கப்பூரின் உடற்பயிற்சி வழிகாட்டிக் குறிப்புகள், பெரியவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பதோடு, குறைந்தது 2 நாள்களாவது தசைவலுப் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் சொல்கின்றன. முதல் பாதியைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். இரண்டாம் பாதிதான் காதில் விழாமல் போய்விடுகிறது.

30 வயதைத் தாண்டியதும் தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. 60 வயதுக்குப் பிறகு அந்த வேகம் கூடுகிறது. எடைக்கருவியில் இது தெரியாது. தசை குறைந்து கொழுப்பு கூடினால் எடை அப்படியேதான் காட்டும். ஆனால் சோஃபாவிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருக்கும். பேருந்துப் படியில் ஏறக் கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். குளியலறையில் கால் வழுக்கினால் உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் வலு காலில் இருக்காது.

நம் சமூகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பங்கை உள்வாங்கிக்கொள்வது தசைதான். சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். ஒரே எடையும் உயரமும் இருந்தாலும் தெற்காசியர்களின் உடம்பில் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பது வழக்கம். ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று இங்கே கணக்கிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். "நான் ஒல்லிதானே, எனக்கு எதற்கு எடைப் பயிற்சி?" என்று கேட்பவருக்கும் இது பொருந்தும். சொல்லப்போனால், அவருக்குத்தான் அதிகம் பொருந்தும்.

இடத்தை அளந்து பாருங்கள்

தரையில் மல்லாந்து படுங்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரியுங்கள். பிறகு தலைக்கு மேலே நீட்டுங்கள். எதிலும் இடிக்கவில்லை என்றால் அந்த இடம் போதும். பெரும்பாலோருக்கு இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் தேவைப்படும். அவ்வளவு இல்லாவிட்டால், ஒரு பாயை விரித்து அதைச் சுற்றி ஓர் அடி இடைவெளி விட முடிந்தால்கூடத் தொடங்கலாம்.

மூவறை வீட்டில் இந்த இடம் எங்கே கிடைக்கும்? அனேகமாக வரவேற்பறையில், சோஃபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில். அங்கே இப்போது ஒரு சின்ன மேசை இருக்கும். அதை நிரந்தரமாகச் சுவரோரம் நகர்த்திவிடுங்கள் என்பது எங்கள் ஆலோசனை. பயிற்சி செய்யும் ஒவ்வொரு முறையும் மேசையைத் தூக்கி நகர்த்தி, மீண்டும் பழைய இடத்தில் வைக்க வேண்டும் என்றால், மூன்றாவது வாரத்தில் பயிற்சி நின்றுவிடும். பணம் இல்லாததால் நின்றுபோகும் பயிற்சியைவிட இப்படிச் சின்னச் சின்னத் தொல்லைகளால் நின்றுபோவதே அதிகம்.

படுக்கையறையில் கட்டிலின் ஓரமும் சரிதான். துணி காயப்போடும் பின்கட்டு வேண்டாம்; தரை ஈரமாக இருக்கும். வீட்டுக்கு வெளியே உள்ள பொது நடைபாதை அகலமாகத் தெரிந்தாலும் அங்கே சாதனங்களை வைக்காதீர்கள். தீ விபத்து நேர்ந்தால் எல்லாரும் தப்பிச் செல்லும் வழி அது. குறைந்தது 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும்.

இடத்தைத் தேர்ந்ததும் மேலே பாருங்கள். பல வீவக வீடுகளில் கூரையின் உயரம் ஏறக்குறைய 2.6 மீட்டர். அதில் தொங்கும் மின்விசிறியின் இறக்கைகள் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாகவே இருக்கும். சராசரி உயரமுள்ள ஒருவர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினால் இறக்கையைத் தொட்டுவிடலாம். விசிறிக்கு நேர் கீழே நின்று கையை உயர்த்தும் பயிற்சி எதையும் செய்யாதீர்கள். ஓரமாக நிற்கும் விசிறி ஒன்று இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். காற்றில்லாமல் மூடிய அறையில் நம் வெப்பத்தில் பயிற்சி செய்வதும் நல்லதல்ல.

தரை ஓடுகள் வியர்வை பட்டால் வழுக்கும். காலுறை மட்டும் அணிந்து செய்யாதீர்கள். வெறுங்கால் அல்லது ரப்பர் அடி உள்ள காலணி பாதுகாப்பானது.

கீழ்வீட்டாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம் தரைதான் அவர்களுடைய கூரை. குதிப்பது, கயிறு தாண்டுவது, டம்பெல்லைத் தொப்பென்று கீழே போடுவது எல்லாம் அவர்களுக்கு இடி இறங்குவதுபோல் கேட்கும். இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை அமைதி நேரம். முறைநேர வேலை செய்பவர்களுக்கு வேறு நேரம் கிடைக்காமல் போகலாம். அவர்களும் செய்யக்கூடிய வகையில், கீழே சொல்லியிருக்கும் அசைவுகள் எல்லாவற்றையும் ஓசையில்லாமல் செய்துவிடலாம். குதிக்கத்தான் வேண்டும் என்றால் புளோக்கின் கீழே இறங்கிவிடுங்கள்.

தொடங்குமுன் ஒரு சோதனை

கைப்பிடி இல்லாத, சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை எடுங்கள். உட்காரும் உயரம் ஏறக்குறைய 43 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நாற்காலியின் முதுகு சுவரில் முட்டியிருக்கட்டும். நடுவில் உட்கார்ந்து, இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். கையை ஊன்றாமல் முழுமையாக எழுந்து நின்று, மீண்டும் உட்காருங்கள். 30 வினாடியில் எத்தனை முறை எழ முடிகிறது? வீட்டில் ஒருவர் கைத்தொலைபேசியில் நேரம் பார்க்கட்டும்.

60 முதல் 64 வயதுவரை உள்ள ஆண்கள் 14 முறைக்குக் குறைவாகவும் பெண்கள் 12 முறைக்குக் குறைவாகவும் எழுந்தால், அது அந்த வயதின் சராசரிக்குக் கீழே. 65 முதல் 69 வரை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11. 70 முதல் 74 வரை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10. 40 வயதுக்காரர் ஒருவரால் இந்த எண்ணிக்கையை எட்ட முடியவில்லை என்றால் அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கையை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியாதவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தனியாகத் தொடங்காமல், குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். விழுந்துவிடும் ஆபத்து அவர்களுக்கு அதிகம்.

கிடைத்த எண்ணைத் தேதியோடு எங்காவது எழுதி வையுங்கள். சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியின் தாளாக இருந்தாலும் சரி.

ஐந்து அசைவுகள்

உடற்பயிற்சிக்கூடத்தில் முப்பது இயந்திரங்கள் இருந்தாலும் அவை உடம்புக்குக் கொடுக்கும் வேலையை ஐந்தாறு வகைக்குள் அடக்கிவிடலாம்: உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, குனிந்து தூக்குவது, சுமந்து நடப்பது. வீட்டில் நாம் தினமும் செய்யும் வேலைகளும் இவைதான். பயிற்சியில் இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்குகிறோம், அவ்வளவே.

உட்கார்ந்து எழுவதற்குச் சோதனையில் பயன்படுத்திய அதே நாற்காலி போதும். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று வரை எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். இந்த மெதுவான இறக்கம்தான் தொடைக்கு உண்மையான வேலை. எளிதாகிவிட்டால் நாற்காலியைத் தொட்டும் தொடாமலும் எழுங்கள். அதுவும் எளிதானால் ஒரு 5 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் ஒரு கெட்டியான தலையணை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

தள்ளுவதற்குச் சுவரில் தொடங்குங்கள். ஒரு கை தூரத்துக்குச் சற்றுத் தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, உடம்பு ஒரே பலகைபோல் இருக்க, முழங்கையை மடக்கி நீட்டுங்கள். 12 முறை சுலபமாக வந்தால் சமையல் மேடைக்கு மாறுங்கள். பிறகு சுவரில் முட்டியிருக்கும் சோஃபாவின் இருக்கை. கடைசியாகத் தரை. கைகள் தாழத் தாழ உடம்பின் எடை அதிகமாகக் கைக்கு வரும். சுவரிலிருந்து தரைக்கு வர ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை. தரையில் முதல் நாளே பத்து முறை செய்து தோளைப் புண்ணாக்கிக்கொள்பவர்கள் அனேகமாக இருபது வயதில் செய்ததை நினைத்துக்கொண்டு செய்பவர்கள். தேசிய சேவை முடித்து வருடங்கள் பல ஆகிவிட்டன என்பது தோளுக்குத் தெரியும்.

இழுப்பதுதான் வீட்டில் கடினம். பற்றி இழுக்க எதுவும் இருக்காது. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்: வாசல் இரும்புக் கதவைப் பிடித்துத் தொங்குகிறார்கள், அல்லது குளியலறைத் துண்டுக் கம்பியை இழுக்கிறார்கள். இரண்டும் மனித எடைக்குச் செய்யப்பட்டவை அல்ல. முதல் மாதத்தில் ஒரு பையில் எடை வைத்து இழுங்கள். பிள்ளைகளின் பழைய புத்தகப் பையில் 1.5 லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டைப் போட்டால் 3 கிலோ. ஒரு கையை நாற்காலி இருக்கையில் ஊன்றி, முதுகை நேராக வைத்துச் சாய்ந்து, மற்றக் கையால் பையை இடுப்பு வரை இழுங்கள். முழங்கை பின்னால் போக வேண்டும். தோள் காதை நோக்கி ஏறக்கூடாது. நாள் முழுக்கக் கணினி முன் கூன் போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த ஓர் அசைவு மற்ற நான்கையும்விட அவசியம் என்பது எங்கள் கருத்து.

குனிந்து தூக்குவதில் முழங்காலைவிட இடுப்புக்கு வேலை. கால்களை இடுப்பளவு அகட்டி நில்லுங்கள். முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, பின்னால் உள்ள அலமாரிக் கதவை இடுப்பால் தள்ளி மூடுவதுபோல் இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். முதுகு வளையாமல் உடம்பு முன்னால் சாயும். தொடையின் பின்பக்கம் இழுப்பது தெரியும். அப்படியே எழுந்து நில்லுங்கள். வெறுங்கையால் இது பழகிய பிறகு வாளியில் தண்ணீர் நிரப்பித் தூக்குங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் எடையை நீங்களே கூட்டிக் குறைக்கலாம். 4 லிட்டரில் தொடங்கி, வாரம் அரை லிட்டர் கூட்டினால் போதும். தண்ணீர் சிந்தாமல் தூக்க வேண்டும் என்பதே உங்களை மெதுவாகச் செய்ய வைத்துவிடும்.

சுமந்து நடப்பதற்கு விளக்கம் தேவையில்லை. இரண்டு கையிலும் சமமான எடையுள்ள பைகளைப் பிடித்து, நிமிர்ந்து, வாசலிலிருந்து சமையலறை வரை போய் வாருங்கள். ஈரச்சந்தையிலிருந்து பையைத் தள்ளுவண்டியில் வைக்காமல் கையில் தூக்கி வந்தால் அன்றைய பங்கு முடிந்தது.

எத்தனை முறை, எவ்வளவு கடினம்?

ஒவ்வோர் அசைவையும் 8 முதல் 12 முறை செய்து, ஒரு நிமிடம் ஓய்வெடுத்து, மீண்டும் ஒரு சுற்று. இரண்டு சுற்று போதும். பழகிய பிறகு மூன்றாக்கலாம். மொத்தமும் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். அரிசிக் குக்கரைத் தட்டிவிட்டுத் தொடங்கினால் சோறு வேகும் நேரத்தில் முடித்துவிடலாம். அடுத்த நாள் ஓய்வு. செவ்வாய், வெள்ளி என்று இரண்டு நாளைக் குறித்துக்கொள்வது பலருக்கு வசதியாக இருக்கிறது.

கடைசி இரண்டு முறை செய்யச் சிரமமாக இருக்க வேண்டும், ஆனால் அசைவு கோணலாகிவிடக் கூடாது. 12 முறையையும் பேசிக்கொண்டே செய்ய முடிகிறதா? எடை போதவில்லை, கூட்டுங்கள். ஐந்தாவது முறையிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்குகிறீர்களா? அதிகமாகிவிட்டது, குறையுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இரண்டு நாள் தசை லேசாக வலிப்பது இயல்பு. மூட்டில் குத்தும் வலி இயல்பல்ல.

65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியும் வேண்டும். சமையல் மேடையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு, ஒரு பாதத்தின் குதிகால் மற்றப் பாதத்தின் விரல் நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் 10 வினாடி நில்லுங்கள். பிறகு கால் மாற்றுங்கள். இதை வாரத்தில் 3 நாளாவது செய்யலாம். தண்ணீர் கொதிக்கும் வரை அடுப்பின் அருகில் நின்று செய்வதைவிட, அடுப்பு அணைந்திருக்கும் நேரத்தில் செய்வது நல்லது.

முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டியவர்கள்

இதய நோய் உள்ளவர்கள், கட்டுக்குள் வராத உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். நீரிழிவால் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால் கனமான எடையை முக்கித் தூக்குவது ஆபத்தாகலாம், கட்டாயம் கேளுங்கள்.

இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையை வெகுவாகக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் பயிற்சிக்கு முன் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். லிட்டருக்கு 5.0 மில்லிமோலுக்குக் குறைவாக இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு ரொட்டித் துண்டோ சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். கைக்கு எட்டும் தூரத்தில் இனிப்பு ஏதாவது இருக்கட்டும். விரதம் இருக்கும் நாளில் எடைப் பயிற்சியை அடுத்த நாளுக்குத் தள்ளிவிடுங்கள்.

நெஞ்சில் இறுக்கம், கையிலோ தாடையிலோ பரவும் வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள். சில நிமிடங்களில் சரியாகவில்லை என்றால் 995ஐ அழையுங்கள். "வாயுத்தொல்லையாக இருக்கும்" என்று வெந்நீர் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

இப்போது கடைக்குப் போகலாம்

நான்கு வாரம் தவறாமல் செய்துவிட்டீர்களா? அப்படியானால் உங்களுக்கு என்ன தேவை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

முதலில், ஒரு பாய். யோகாசனத்துக்கான மெல்லிய பாயைவிட ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ளது முழங்காலுக்கு இதம், கீழ்வீட்டுக்கும் நல்லது. அடுத்து, ரெசிஸ்டன்ஸ் பேண்ட் எனப்படும் இழுவைப் பட்டை, ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. இழுக்கும் அசைவுக்கு இதைவிட மலிவான, இடம் அடைக்காத சாதனம் இல்லை. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பட்டையைப் பாதத்தின் நடுவில் சுற்றி, படகில் துடுப்புப் போடுவதுபோல் இழுங்கள். காலணி அணிந்து செய்தால் பட்டை நழுவாது. கதவில் மாட்டி இழுப்பதானால், நீங்கள் இழுக்கும்போது கதவு இன்னும் இறுக மூடிக்கொள்ளும் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். கதவைப் பூட்டிவிடுங்கள், பிள்ளைகள் மறுபக்கத்திலிருந்து திறந்தால் பட்டை முகத்தில் அடிக்கும்.

நம் வெப்பமும் வெயிலும் ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். பட்டையைச் சன்னலோரம் தொங்கவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்து, வெடிப்போ வெளுத்த கோடோ தெரிந்தால் தூக்கி எறியுங்கள். சில வெள்ளியை மிச்சம் பிடிக்கப்போய்க் கண்ணில் அடிபட வேண்டாம்.

மூன்றாவதாக, எடையை மாற்றக்கூடிய ஒரு ஜோடி டம்பெல். தனித்தனி எடையில் நான்கு ஜோடி வாங்கினால் வைக்க இடமிருக்காது. டம்பெல்லைப் பொறுத்தவரை பழையதும் புதியதும் ஒன்றுதான், இரும்பு கெட்டுப்போவதில்லை. இணையத்தில் பலர் வாங்கிய வேகத்திலேயே விற்கிறார்கள். எடையைப் பூட்டும் திருகு வழுக்காமல் இறுகுகிறதா என்று மட்டும் நேரில் பாருங்கள்.

வேறெதுவும் வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். வாசல் சட்டத்தில் அழுத்திப் பொருத்தும் தொங்கும் கம்பியை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. அது நழுவினால் நீங்கள் முதுகுப்பக்கமாக விழுவீர்கள். தொங்க ஆசையிருந்தால் புளோக்கின் அருகில் உள்ள உடற்பயிற்சி மூலையில் உறுதியான கம்பி இருக்கிறது, இலவசம். டிரெட்மில் செய்யும் வேலையைப் பூங்கா இணைப்புப் பாதை இன்னும் நன்றாகச் செய்யும்.

வாங்கியவற்றை ஒரு கூடையில் போட்டுச் சோஃபாவின் அருகிலேயே வையுங்கள். பொருள் வைக்கும் அறையின் அடியில், பழைய பயணப்பெட்டிக்குப் பின்னால் போய்விட்டால் அவ்வளவுதான். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் டம்பெல்லை மேசை மேலோ அலமாரி மேலோ வைக்காதீர்கள். தரையில், உருளாதபடி சுவரோரம் இருக்கட்டும்.

எட்டு வாரம் கழித்து அதே நாற்காலியில், அதே காலணியோடு, நாளின் அதே நேரத்தில் 30 வினாடிச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். எண்ணிக்கை கூடவில்லை என்றால் எடையைக் கூட்டாமல் இருந்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். அடுத்த முறை குடும்ப மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லலாம்.